வரைபடத்தில் பூங்கா இருந்தது

2022 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. அடுப்பில் பால் வைத்திருந்தபோது வாசலில் ஜேசிபி சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், 22 சென்ட் காலி இடம் இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதற்குள் 'பூங்கா' என்று எழுதியிருக்கும். சீமைக் கருவேலம் மண்டி, பாதி இடத்தில் குப்பை கொட்டி, வருடக்கணக்காகக் கிடந்த இடம் அது. அங்கே ஜேசிபி வந்து முள்ளைப் பிடுங்கிப் போடுவதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நகராட்சிக்கு இப்போதாவது கண் தெரிந்ததே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "எப்ப தம்பி பூங்கா வேலை ஆரம்பிக்கிறாங்க?" என்று அங்கே நின்ற பையனிடம் கேட்டேன். அவன் என்னைக் குழப்பமாகப் பார்த்தான். "பூங்காவா? இல்லக்கா, இது நாங்க வாங்கின இடம். சுத்திலும் கல்லுக்கால் நடப் போறோம்" என்றான். காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டார். வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

அந்த இடத்தோடு எனக்கு என்ன இவ்வளவு ஒட்டு என்று கேட்பீர்கள். 2016-ல் இந்த மனையை வாங்கும்போது தரகர் சொன்ன முதல் வார்த்தையே "பார்க் ஃபேசிங்" என்பதுதான். நாலு சென்ட், அதாவது 1,744 சதுர அடி. பின் வரிசை மனைகளைவிடச் சதுர அடிக்கு 150 ரூபாய் அதிகம் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 2,61,600 ரூபாய் வரும். பூங்காவைப் பார்த்த வீடு, காற்று வரும், அம்மா சாயங்காலம் நடந்துவிட்டு வரலாம் என்று நினைத்து, நகையை வைத்து அந்த அதிகப்படிப் பணத்தைக் கொடுத்தேன். என் கணவர் அப்போதும் இப்போதும் மஸ்கட்டில்தான் வேலை பார்க்கிறார். பத்திரம், வங்கி, வீடு கட்டும் வேலை எல்லாவற்றையும் நான்தான் ஓடி ஓடிப் பார்த்தேன். என் மனையின் பத்திரத்தையும், தாய்ப்பத்திரத்தையும் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), வில்லங்கத்தையும் (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) வக்கீலிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். எதிரில் இருக்கும் பூங்காவின் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அந்த வக்கீலும் சொல்லவில்லை. அதிகப் பணம் கொடுத்ததே அந்த இடத்துக்காகத்தான். அதைப் பற்றி ஒரு காகிதம்கூட என் கையில் இல்லை.

சரி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். நகரமைப்புப் பிரிவில் இருந்தவர் ஒரு பெரிய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க ஏரியாவுல எங்களுக்குப் பூங்காவே கிடையாதும்மா" என்றார். வரைபடத்தின் ஜெராக்ஸைக் காட்டினேன். "இது புரோமோட்டர் கொடுத்தது, இதுல எங்க சீல் இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் கையில் இருந்தது தரகர் கொடுத்த கலர் நகல்தான். வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன், பார்க்கிறேன் என்றார். காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். மறுபடி நகராட்சி, மறுபடி கவுன்சிலர். இப்படி ஐந்து வாரம் வாய்வார்த்தையாகவே ஓடிவிட்டது. அதற்குள் எதிரே கல்லுக்கால் நட்டு முள்கம்பியும் கட்டிவிட்டார்கள்.

முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்று அப்போது எனக்குத் தெரியாது. மனுவை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் அஞ்சலில் அனுப்பிவிட்டு ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டில்தான் அனுப்ப வேண்டும். நான் ஐந்து வாரத்தில் ஏழு தடவை நகராட்சிக்குப் போயிருக்கிறேன். அதற்குச் சாட்சியாக என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பின்னால் கோட்டாட்சியர் விசாரணையில் "ஆக்கிரமிப்பு நடந்தபோதே ஏன் ஆட்சேபிக்கவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாயாய் அலைந்தவள் நான், ஆனால் காகிதத்தில் நான் அசையவே இல்லை.

அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தப்பு. பயத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பச் சொன்னேன். 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நல்ல கோபமான நோட்டீஸ் ஒன்று அனுப்பினார். எதிர்த்தரப்பிலிருந்து அமைதியாகப் பதில் வந்தது. எங்களிடம் பட்டா இருக்கிறது, 13 வருட வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, நகராட்சிக்குக் காலிமனை வரி கட்டியிருக்கிறோம், அது பூங்கா என்பதற்கு உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். ஆவணம் இல்லாமல் நோட்டீஸ் அனுப்பினால் நம் கை காலி என்பதை நாமே எதிராளிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம், தாலுகா அலுவலகத்து வாசலில் மனு எழுதித் தரும் ஒருவர், "பழைய ஃபைலையெல்லாம் நான் எடுத்துத் தர்றேன், மேல கொடுக்கணும்" என்று சொல்லி 20,000 ரூபாய் வாங்கினார். மூன்று மாதம் இன்று நாளை என்று இழுத்தார், பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மரத்தடியில் இன்று வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அவர் எடுத்துத் தருவதாகச் சொன்ன அத்தனை காகிதமும் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனுவில் எனக்குக் கிடைத்தது.

தகவல் உரிமை மனுவிலும் முதலில் சறுக்கினேன். "பூங்காவை ஆக்கிரமித்தவர் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டு எழுதினேன். முப்பதாவது நாள் பதில் வந்தது: தாங்கள் கோருவது சட்டத்தின்படி 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது. ஒரு மாதம் வீண். 'ஏன்' என்று கேட்கக் கூடாது, 'நகல் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும் என்பதை, எங்கள் அலுவலகத்துக்குத் தணிக்கைக்கு வந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது மனுவை அவர் சொன்னபடி எழுதினேன். இன்ன சர்வே எண்ணில் அமைந்த மனைப்பிரிவுக்கு வழங்கப்பட்ட அனுமதி ஆணையின் நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், சாலைகளும் பொது ஒதுக்கீட்டு இடமும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட தானப் பத்திரத்தின் நகல், நகராட்சியின் அசையாச் சொத்துப் பதிவேட்டில் எங்கள் வார்டுக்கான பக்கங்கள், ஊராட்சி நகராட்சியோடு இணைந்தபோது ஒப்படைக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல். ஐந்தே கேள்வி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். இதற்கு வக்கீல் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது, அதற்கு 90 நாள் அவகாசம்.

இதில் எனக்கு வழி திறந்தது 6(3) என்ற பிரிவு. கேட்ட தகவல் வேறொரு அலுவலகத்தில் இருந்தால், மனுவை வாங்கியவர் ஐந்து நாளுக்குள் அந்த அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட வேண்டும். "எங்களிடம் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எங்கள் பகுதி 2011 வரை ஊராட்சியாக இருந்தது, அப்புறம்தான் நகராட்சியோடு சேர்த்தார்கள். வரி கேட்புப் பதிவேடுகள் எல்லாம் ஒழுங்காக நகராட்சிக்கு வந்துவிட்டன, ஏனென்றால் அதில் வருமானம் இருக்கிறது. மனைப்பிரிவுக் கோப்புகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. என் மனு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு எழுத்தர் அம்மா பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடியிருக்கிறார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டிவிட்டு நேரில் போய் வாங்கிக்கொண்டேன். பழுப்பேறிய அனுமதி ஆணை, நகர் ஊரமைப்புத் துறை முத்திரையோடு வரைபடம், அதோடு ஒரு குறிப்பு. பூங்காவும் சாலைகளும் 1994-ல் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன என்று அதில் இருந்தது, பத்திர எண்ணும் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துப் படிக்கட்டிலேயே அழுதேன். அந்த எழுத்தர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

பிறகுதான் முழுக் கதையும் புரிந்தது. மனைப்பிரிவு மொத்தம் மூன்று ஏக்கர், அதாவது 300 சென்ட். சாலைகளுக்கு 80 சென்ட் போக மீதி 220. அதில் பத்தில் ஒரு பங்கு 22 சென்ட் பூங்காவுக்கு என்று ஒதுக்கி, நிலத்துக்காரர் முறையாகப் பதிவும் செய்துகொடுத்துவிட்டார். அவர் மேல் குற்றமே இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்து ஊராட்சியின் பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டும் என்று யாரும் மனுக் கொடுக்கவில்லை. பதிவுத்துறைக் கணக்கில் அது ஊராட்சியின் நிலம், வருவாய்த்துறைக் கணக்கில் அது அவருடைய நிலம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இப்படியே கிடந்தது. அவர் காலமானதும் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழை வைத்துக் கூட்டுப் பட்டா வாங்கி, 2021-ல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பட்டாவைப் பார்த்தார், 13 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தார். 2008-லிருந்து 2021 வரை போட்டால் 1994-ல் எழுதிய பத்திரம் எப்படி வரும்? நகராட்சியும் பட்டாவைப் பார்த்துவிட்டுத் தன் சொந்த நிலத்துக்கே காலிமனை வரி விதித்து ரசீது கொடுத்திருக்கிறது. வரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். யார் கட்டினாலும் வரியை வாங்கிக்கொள்வார்கள்.

வில்லங்கம் போடுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் இதில் இரண்டு மாதம் தொலைத்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே வில்லங்கம் பார்க்கலாம், பெரும்பாலான இடங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கிறது. நான் பட்டாவில் இருந்த புது எண்ணைப் போட்டுத் தேடினேன், 2021 கிரயப் பத்திரம் மட்டும்தான் வந்தது. நகர நில அளவை வந்த ஊர்களில் பழைய சர்வே எண் போய், வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று எல்லாம் மாறியிருக்கும். 1994 பத்திரம் பழைய எண்ணில், அதுவும் உட்பிரிவு செய்யாத மூல எண்ணில் இருக்கும். அந்தப் பழைய எண்ணைத் தாய்ப்பத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறிவிடுகின்றன. எங்கள் பகுதி 1994-ல் பக்கத்து ஊர் சார்பதிவகத்தில் இருந்திருக்கிறது. அந்த அலுவலகத்தின் பெயரில், பழைய எண்ணில், 1990 முதல் என்று தேதி கொடுத்துத் தேடியதும் இரண்டே நிமிடத்தில் தானப் பத்திரம் திரையில் வந்து நின்றது. அங்கே போய்ச் சில நூறு ரூபாய் கட்டணத்தில் சான்றிட்ட நகல் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அலுவலகங்களில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

அந்த நகலோடு நான்கு இடத்துக்கு ஒரே நாளில் மனுக் கொடுத்தேன். இந்த வரிசை உங்களுக்கும் உதவும். நகராட்சி ஆணையருக்கு: இது நகராட்சியின் சொத்து, இதில் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது, காலிமனை வரி விதிப்பை ரத்து செய்ய வேண்டும், சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சார்பதிவாளருக்கு: இந்த எண்ணில் மேற்கொண்டு எந்தப் பத்திரமும் பதியக் கூடாது. பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை அதிகாரம் இல்லாதவர் எழுதிக்கொடுக்க வந்தால் பதிவு அலுவலர் மறுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நிலம் இரண்டாவது கை, மூன்றாவது கை என்று மாறிக்கொண்டே போனால் மீட்பது இன்னும் கஷ்டம், அதனால் இந்த மனு மிக அவசரம். மூன்றாவது, வருவாய்க் கோட்டாட்சியருக்குப் பட்டா மேல்முறையீடு. 1983-ம் வருடத்துப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி பட்டா உத்தரவு தவறு என்றால் முதலில் கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். நான்காவது, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் இதே கட்டு. நகராட்சியைத் தட்டி எழுப்பியது அந்த நான்காவது மனுதான் என்று நினைக்கிறேன்.

மனுக்களோடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் நகலையும் வைத்தேன். பெங்களூரில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் தீர்ப்பு வந்தது, பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்று தேடினால் கிடைக்கும். பூங்காவுக்கு ஒதுக்கியதை மருத்துவமனைக்குக்கூட மாற்றக் கூடாது என்றும், அங்கே குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்கு இதுல என்னம்மா சம்பந்தம்? நிலம் உங்களுதா?" என்று என்னைக் கேட்காத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூனிக்குறுகிப் போவேன். அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு, "எனக்குச் சம்பந்தம் இருக்கு சார்" என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 41 மனையில் அப்போது 17 வீடுகள். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டது ஆறு பேர், அதில் இருவர் மறுநாள் வந்து, "எங்க பேரை எடுத்துடுங்க அக்கா, அவங்க பெரிய இடம்னு சொல்றாங்க" என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு யாரோ போன் செய்து "புருஷன் ஊர்ல இல்லாத பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்றபோது உடம்பு நடுங்கியது. கணவர் போனில், "விட்டுடு, நாம நிம்மதியா இருப்போம்" என்றார். அவர் மேல் கோபம் வந்தது. அவரும் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்னைப் பற்றிப் பயந்துதான் சொன்னார் என்று பிறகு புரிந்தது. அந்த எண்ணைக் குறித்து வைத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தானப் பத்திரம் கையில் வந்த பிறகு பக்கத்துத் தெரு பெரியப்பா ஒருவர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், வீடு வீடாக என்னோடு வந்தார். குடியிருப்போர் சங்கமாகப் பதிவு செய்தோம். 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் போதும். சங்கத்தின் பெயரில் மனு போனதும் என்மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்த பார்வை பதினேழு வீட்டுக்கும் பிரிந்தது. இதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: தகவல் உரிமை மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாமல் தனி நபர் பெயரிலேயே போடுங்கள்.

கோட்டாட்சியர் விசாரணை ஒன்பது மாதம் நடந்தது. அதற்கு வேறொரு வக்கீல், 25,000 ரூபாய். அவர் பொறுமையாக, ஆவணங்களை வைத்தே பேசினார். நான்கு வாய்தாவுக்கு நகராட்சித் தரப்பில் யாரும் வரவில்லை. ஐந்தாவது வாய்தாவுக்கு முன்னால் ஆணையரை நேரில் பார்த்து, "இது உங்க நிலம் சார், நான் உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்று சொன்னேன். புதிதாக வந்திருந்த ஆணையர் அவர். கட்டை முழுவதும் படித்துவிட்டு நகரமைப்பு ஆய்வாளரைக் கூடவே அனுப்பினார். 2023 டிசம்பரில் வாரிசுகள் பெயரில் கொடுத்த பட்டா ரத்தாகி, நகராட்சியின் பெயருக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. என் கணக்கு நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: முதல் வக்கீல் 15,000, மரத்தடி ஆள் 20,000, இரண்டாவது வக்கீல் 25,000, போக்குவரத்தும் நகல்களும் 11,000, சம்பளம் பிடித்த 34 நாளுக்கு 22,100. மொத்தம் 93,100 ரூபாய், ஒன்றரை வருடம். இதில் உண்மையில் வேலை செய்த காகிதங்களுக்கு, அதாவது தகவல் உரிமை மனுக்களுக்கும் சான்றிட்ட நகல்களுக்கும் ஆனது இரண்டாயிரத்துக்கும் குறைவு.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு: எதிரில் பூங்கா என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தப் பூங்காவின் தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள், அதற்குத் தனியாக வில்லங்கம் போடுங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேலுள்ள மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தை இடமாகவே ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரத்தில் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம். அதனால் சின்ன மனைப்பிரிவில் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்திருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அங்கீகரித்த வரைபடமே இருக்கும், தரகர் கொடுக்கும் கலர் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், அதிலும் ஊராட்சியாக இருந்து நகராட்சியோடு சேர்ந்த பகுதிக்காரர்கள், உங்கள் பூங்காவும் சாலையும் நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இப்போதே ஒரு பத்து ரூபாய் மனுப் போட்டுவிடுங்கள்.

நிலம் மீண்டதும் பூங்கா வந்துவிடவில்லை. நிதி இல்லை என்றார்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காரவில்லை. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும் என்று பொறியாளர் சொன்னார். மதிப்பீடு ஒன்பது லட்சம், எங்கள் பங்கு மூன்று லட்சம். அதைத் திரட்டுவதற்கு எட்டு மாதம் ஆனது. முதல் மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தபோது பாதி இடத்துக்கு மேல் பேவர் பிளாக் கல் பதிப்பதாக இருந்தது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. எங்கள் ஊர் வெயிலுக்குக் கல் பதித்த பூங்காவில் சாயங்காலம் ஆறு மணிக்கும் கால் வைக்க முடியாது, மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்காது. நடைபாதைக்கு மட்டும் கல், மற்ற இடத்தில் வேம்பும் புங்கனும் மகிழமும் என்று மாற்றி எழுதவைத்தோம். நீங்களும் பணம் கட்டும் முன் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணம் போன பிறகு மாற்ற மாட்டார்கள்.

இடத்தை வாங்கி ஏமாந்த அந்தப் பையன் இந்த வருடம் ஒருநாள் சாயங்காலம் வந்தான். விற்றவர்கள் மேல் பணத்துக்காக வழக்குப் போட்டிருக்கிறான், தானப் பத்திர நகல் வேண்டுமென்றான். "அன்னைக்கு நீங்க டீ கொடுத்தப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். எனக்கே அன்று ஒன்றும் தெரியாதே தம்பி என்றேன். அவனுடைய அப்பாவின் ஓய்வூதியப் பணம் அதில் போயிருக்கிறது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, பழைய சர்வே எண்ணையும் பழைய சார்பதிவகத்தின் பெயரையும் மேலே எழுதிக் கொடுத்தேன்.

கம்பிவேலி போட்டு, நகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று பலகை வைத்தாகிவிட்டது. நட்ட முப்பது கன்றில் இருபத்தாறு பிழைத்திருக்கின்றன. அம்மா காலையில் வேலியைப் பிடித்தபடி அதைச் சுற்றி நடக்கிறார். தண்ணீர் இணைப்பு மட்டும் இன்னும் வரவில்லை, எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து சாலையைக் கடந்து ஹோஸ் போட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மனுக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.